அக்காவின் இடக்கைக்கு ஒரு மவுஸ்

திருகோணமலையில் எந்தக் கணினிக் கடையில் போய் இடக்கைக்கு மவுஸ் இருக்கிறதா என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதை எடுங்கோ, அது எந்தக் கைக்கும் சரி." கடைக்காரரில் பிழை இல்லை. கொழும்பிலிருந்து வருவதைத்தானே அவர் விற்க முடியும். ஆனால் இரண்டு கைக்கும் பொதுவென்று செய்த வடிவம் எந்தக் கைக்கும் முழுதாகப் பொருந்துவதில்லை. என் அக்காவின் பெருவிரல் அடியில் வந்த வீக்கத்தைப் பார்த்த பிறகு இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அக்கா அச்சகமொன்றில் பக்க வடிவமைப்புச் செய்கிறார். கலியாணக் காட், சாமத்தியவீட்டு அழைப்பிதழ், சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களுக்கான நோட்டீஸ் எல்லாம் அவருடைய மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். அவற்றையெல்லாம் விட அதிகம் வருவது கல்வெட்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகம் அது. திகதியைத் தள்ளிப்போட வழியே இல்லை. வீட்டுக்காரர் கொண்டுவருவது பெரும்பாலும் ஓர் அடையாள அட்டைப் படம், இல்லாவிட்டால் யாருடையதோ கலியாண வீட்டில் கூட்டத்தோடு நின்று எடுத்த படம். அதிலிருந்து அந்த ஒரு முகத்தை மட்டும் பிரித்து, பின்னணியை மாற்றி, அட்டைக்கு ஏற்ற மாதிரிப் பெரிதாக்க வேண்டும். காதோரத்து முடியைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்து வெட்டும்போது மவுஸ் ஓரிரு மில்லிமீற்றர்தான் அசையும். விரல்களோ மணிக்கணக்கில் அதை இறுக்கிப் பிடித்தபடி இருக்கும்.

அக்காவுக்கு எல்லா வேலைக்கும் இடக்கைதான். கையும் சின்னது: மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை 16.5 சென்ரிமீற்றர். அச்சகத்தில் இருந்த மவுஸ் 12.5 சென்ரிமீற்றர் நீளம், அகலமும் தாராளம், முதுகு தட்டை. உள்ளங்கையை அதன்மேல் வைத்தால் விரல் பொத்தானின் நுனியை எட்டாது. விரலை முன்னே கொண்டுபோனால் உள்ளங்கை அந்தரத்தில் நிற்கும். ஆகவே பெருவிரலாலும் மோதிர விரலாலும் இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்தே அவர் வேலை செய்துவந்தார். வைத்தியர் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். அந்தியேட்டிக்கு ஓய்வு தெரியாது.

வலக்கைக்கு மாறிவிடலாமே என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். சோற்றுக்கும் எழுத்துக்கும் கையை மாற்றச் சொல்லிப் பிள்ளைகளை அடித்த காலம் ஒன்று இருந்தது. தொழில் பழகி, அதில் பெயரும் எடுத்த ஒருவரிடம் அதையே திரும்பக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற வேண்டியது கை அல்ல, மவுஸின் வெளி ஓடு.

உலகில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். அப்படியிருந்தும் அவர்களுக்கென்று செய்யும் மவுஸ் ஏன் இத்தனை அரிது என்பதற்குக் காரணம் ஓடு செய்யும் முறையில் இருக்கிறது. உருக்கு அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி வார்க்கிறார்கள். அந்த அச்சைக் கடைந்தெடுப்பதுதான் பெருஞ்செலவு. ஒருமுறை கடைந்துவிட்டால் ஓடு ஒன்றுக்கு விழுகிற செலவு மிகச் சொற்பம். ஆகவே ஒரே வடிவத்தைப் பெருந்தொகையாக விற்றால்தான் போட்ட காசு திரும்பும். பத்தில் ஒருவருக்காக இன்னோர் அச்சுக் கடைய எந்தக் கொம்பனியும் யோசிக்கும். முப்பரிமாண பிரிண்டரில் இந்தக் கணக்கே வேறு. முதற்பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஒரே செலவு. ஒரேயொரு கைக்கென்று செய்வதால் நட்டம் எதுவும் வந்துவிடாது. பிளாஸ்டிக் இழையை உருக்கிப் படை படையாக இடும் முறையின் மூலக் காப்புரிமை 2009இல் முடிந்தது. இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம், பிரிண்டர் செய்யும் வழியையே எல்லாருக்கும் திறந்துவிட்டது. இந்த இரண்டும் நடந்திராவிட்டால் கணினி திருத்துகிற என்னைப் போன்ற ஒருவனின் வீட்டு முன்னறையில் ஒரு பிரிண்டர் நிற்க வாய்ப்பே இல்லை.

முதல் மவுஸும் ஒரு பட்டறையில் கையால் செய்யப்பட்டதுதான். கலிபோர்னியாவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைக்கு 1964இல் பில் இங்கிலிஷ் உருவம் கொடுத்தபோது அதன் ஓடு மரம். அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சில்லுகள், மேலே ஒரேயொரு பொத்தான். 1968 டிசம்பர் 9ஆம் திகதி எங்கல்பார்ட் அதைப் பெருங்கூட்டத்துக்கு முன்னால் இயக்கிக் காட்டினார். காப்புரிமை கிடைத்தது 1970இல். அந்த மரக்கட்டையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: அது உள்ளே இருக்கும் சில்லுகளை மூடுவதற்கான பெட்டி, கை பிறகுதான் வருகிறது. முதன்முதலில் செய்தவர்களுக்கு அதுவே போதும். அவர்கள் கண்டுபிடித்தது வேறொரு பெரிய விசயம். அதன் பிறகு வந்த காலமெல்லாம் உள்ளே இருப்பது எங்கேயோ போய்விட்டது. ஓடு அந்தளவுக்குப் போகவில்லை.

உள்ளே இருப்பது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு, அக்காவுக்குச் செய்த மவுஸில் நான் பயன்படுத்திய மின்சுற்றுப் பலகையே சாட்சி. ஓடு வெடித்துப்போய் என்னிடம் தங்கிவிட்ட, வயர் உள்ள கேமிங் மவுஸ் ஒன்றின் பலகை அது. அதில் இருந்தது பிக்ஸ்ஆர்ட் பிஎம்டபிள்யூ3360 என்கிற சென்சர். சென்சர் என்று சொன்னாலும் உண்மையில் அது ஒரு குட்டிக் கமெரா. மேசையின் மேற்பரப்பில் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, 36க்கு 36 புள்ளி கொண்ட சின்னப் படங்களை நொடிக்கு 12,000 வரை எடுத்து, ஒவ்வொன்றையும் முந்தியதோடு ஒப்பிட்டு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. இவ்வளவு நுட்பமான ஒன்றை, விழுந்து வெடித்த ஓட்டுக்காகத் தூக்கியெறிய எனக்கு மனம் வராது.

வேலையைக் கணினியில் தொடங்கவில்லை. முதலில் பலகையின் நீளம், அகலம், விரலால் உருட்டும் சுருள் சில்லின் உயரம் மூன்றையும் அளந்து, அந்த அளவில் ஒரு கட்டையை அச்சடித்தேன். அதைச் சுற்றிப் பிள்ளைகளின் பிளாஸ்டிசினை அப்பி அக்காவிடம் கொடுத்தேன். கட்டை உள்ளே இருப்பதால், எவ்வளவு அமுக்கினாலும் வடிவம் பலகையை விடச் சின்னதாகப் போகாது. இதைச் செய்ய நினைக்கிறவர்கள் இந்தக் கட்டையை மட்டும் தவிர்க்க வேண்டாம். கையில் அழகாக உட்காருகிற ஒரு வடிவத்தைச் செய்து முடித்த பிறகு, பலகை அதற்குள் போகாது என்று தெரிவதைப் போல வேலையைக் கெடுப்பது வேறில்லை.

"திரையைப் பார்த்துக்கொண்டு பிடியுங்கோ அக்கா, கையைப் பார்க்க வேண்டாம்" என்றேன். அவர் அப்படியே ஒரு படத்தை வெட்டத் தொடங்கினார். களி மெல்ல மெல்ல அவருடைய பிடிக்கு இறங்கியது. பெருவிரல் விழுந்த குழி, நான் வரைந்திருந்தால் வைத்திருக்கக்கூடிய இடத்தை விட மேலே, சற்றுப் பின்னால் இருந்தது. முதுகின் மேடு நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி நின்றது. இது நியாயம்தான்: தளர்ந்திருக்கும் கை மேசையில் தட்டையாகக் கிடப்பதில்லை, பெருவிரல் பக்கம் உயர்ந்தே நிற்கும், இடக்கையில் அது வலப்பக்கம்.

"சின்னவிரல் மேசையில தேயுதடா தம்பி."

"அதுக்கு ஒரு திண்ணை வைப்பம் அக்கா."

இடப்பக்க அடியில் சின்னவிரல் ஏறியிருக்க நாலு மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு விளிம்பை இழுத்துவிட்டேன். அவர் மறுபடி பிடித்தார். தோள் கீழே இறங்கியதை நான் கண்ணால் கண்டேன். அதுவரை அந்தத் தோள் உயர்ந்து இருந்ததே எனக்குத் தெரியாது.

களியைக் கோட்டுத்தாளின் மேல் வைத்து மேலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் முன்னாலிருந்தும் படம் எடுத்தேன். கிட்டப் பிடித்து எடுத்தால் முன்பக்கம் பெருத்துத் தெரியும். தூரப்போய், ஃபோனில் பெரிதாக்கி எடுத்தால் அளவு நேர்மையாக வரும். அந்தப் படங்களைப் பிளெண்டரில் பின்னணியாக வைத்து மேற்பரப்பை இழுத்தேன். திருகுத் துளை, தூண், தடிப்பு போன்ற அளவு தவறக்கூடாத பகுதிகளை ஃப்ரீகேட்டில் செய்தேன். இரண்டுமே இலவச மென்பொருள்கள், என்னுடைய பழைய மடிக்கணினியிலேயே ஓடுகின்றன.

பலகையின் துளைகளை அளக்க வெர்னியர் கலிப்பரை எடுத்தவுடன் அக்கா ஒரு வழி சொன்னார்: "ஸ்கேனரில போடன்." அச்சகத்து மேசை ஸ்கேனரில் பலகையின் ஈயம் வைத்த பக்கத்தைக் கீழே பார்க்க வைத்து, அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் எடுத்தோம். 25.4 மில்லிமீற்றருக்கு 600 புள்ளி. ஒரு புள்ளி 0.05 மில்லிமீற்றரை விடவும் குறைவு. எல்லாத் துளைகளின் இடமும் ஒரே படத்தில் கிடைத்துவிட்டது. கலிப்பரால் இரண்டு துளைகளின் நடுப்புள்ளிக்கு இடையே உள்ள தூரத்தை அளப்பதென்பது தனி வித்தை, அது தேவைப்படவே இல்லை. அச்சுத் தொழில் செய்பவர்களுக்கு அளவும் பதிவும் இரத்தத்தில் ஊறியிருக்கும். நான் இதில் அக்காவிடம் பாடம் கேட்டவன்.

அடித்தட்டுதான் இந்த வேலையின் அத்திவாரம். சென்சரின் வில்லை மேசையிலிருந்து 2.4 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது, 0.2 கூடலாம், 0.2 குறையலாம், அவ்வளவுதான் சலுகை. என் பிரிண்டர் இடும் ஒரு படையின் உயரமே 0.2 மில்லிமீற்றர். அதாவது ஒரு படை கூடினாலே எல்லைக்கு வந்துவிடுகிறோம். அடியில் ஒட்டுகிற டெஃப்லோன் பாதங்களின் 0.8 மில்லிமீற்றர் தடிப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரிண்டர் முதற்படையைத் தட்டோடு அழுத்தி இடுவதால் அது சற்றுப் பிதுங்கும், வில்லைக்கான துவாரத்தின் ஓரமும் உள்ளே வந்துவிடும். அதைக் கூர்க் கத்தியால் வழித்துவிட வேண்டும். ஆகவே முழு ஓட்டையும் அச்சடிக்கும் முன்பு அடித்தட்டை மட்டும் 0.12 மில்லிமீற்றர் படையில் அச்சடித்து, பலகையைப் பூட்டி, பாதத்தை ஒட்டி, மேலே ஒன்றுமில்லாமல் வெறும் பலகையாகவே மேசையில் ஓட்டிப் பார்த்தேன். கோடு நடுங்காமல் வந்தது. அதன் பிறகே மேல்ஓட்டுக்குப் போனேன்.

இன்னொரு விசயத்தை நான் எங்கும் வாசிக்கவில்லை, அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது. அவருடைய முழங்கை மேசைக்கு வெளியே இடப்புறம் இருக்கிறது. முன்கை அங்கிருந்து உள்நோக்கி வருவதால் மவுஸ் எப்போதும் வலப்புறம் சற்றுத் திரும்பியே இருக்கும். அவர் கையை நேரே முன்னே தள்ளினாலும் சுட்டுமுனை திரையில் சாய்ந்துதான் போகும். அதை நேராக்க மணிக்கட்டை வளைத்து வளைத்தே பழகியிருந்தார். பலகையை ஓட்டுக்குள் 5 பாகை இடப்புறம் திருப்பிப் பூட்டினேன். இப்போது ஓடு கையின் திசையிலும் சென்சர் மேசையின் திசையிலும் நிற்கிறது. சுருள் சில்லு கொஞ்சம் சாய்ந்து தெரிகிறது, விரலுக்கு அந்தச் சாய்வு உறைக்கவில்லை.

எந்தப் பிளாஸ்டிக் என்பதில் ஊருக்கும் பங்கு உண்டு. பிஎல்ஏ என்ற வகை அச்சடிக்க இலகு, விளிம்புகளும் கூர்மையாக வரும். ஆனால் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். சித்திரை மாத மத்தியான வெயிலில் கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் ஒரு பிஎல்ஏ பொருளை விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்ஜி என்ற வகை ஏறத்தாழ 80 பாகை வரை தாக்குப்பிடிக்கும், வளைத்தாலும் சட்டென்று முறியாது. அதன் எதிரி ஈரம். ஐப்பசியில் மாரி தொடங்கிவிட்டால் இங்கே காற்றையே பிழியலாம். ஈரம் குடித்த இழை சூடான முனையில் படபடவென்று வெடித்து, மேற்பரப்பு முழுக்க மயிர் மயிராக நூல் விடும். இழையை இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அச்சடிக்கும் முன்னர் 65 பாகையில் சில மணித்தியாலம் உலர்த்தி எடுத்தால்தான் சுத்தமாக வரும். மின்வெட்டுக்கும் ஆயத்தம் வேண்டும். 2022இல் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை வெட்டியதைக் கண்ட நாடு இது. பாதியில் நின்ற இடத்திலிருந்து தொடரும் வசதி பிரிண்டரில் உண்டு, ஆனாலும் நின்ற இடத்தில் ஒரு வரி விழுந்துவிடும். அதனால் நீளமான வேலைகளை ஒரு யூபிஎஸ்ஸோடுதான் போடுகிறேன்.

இனிப் பொத்தான். மவுஸ் என்றால் எனக்கு இதுதான். மற்றதெல்லாம் அளவு, இது உணர்வு.

நாம் அழுத்துவது பொத்தானின் தட்டை. தட்டு வளைந்து, அதன் அடியில் இருக்கும் சின்னக் குமிழ் கீழே இருக்கிற மைக்ரோ சுவிச்சின் மூக்கைத் தொட்டு அமுக்கும். சுவிச் 12.8 மில்லிமீற்றர் நீளமான சின்னப் பெட்டி. உள்ளே இழுத்துக் கட்டிய ஒரு மெல்லிய செப்புக் கலவைத் தகடு, ஓர் எல்லை தாண்டியதும் டக்கென்று மறுபக்கம் துள்ளும். அந்தத் துள்ளலைத்தான் காது கிளிக் என்று கேட்கிறது. குமிழுக்கும் மூக்குக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது. அரை மில்லிமீற்றர் விட்டால் பொத்தான் லொடலொடக்கும். விரல் முதலில் வெறும் காற்றை அமுக்கி, பிறகே சுவிச்சைச் சந்திக்கும். இடைவெளியே இல்லாமல் கொஞ்சம் அழுத்தமாக வைத்தால் கிளிக் கூர்மையாக இருக்கும், ஆனால் சுவிச் சில வேளை திரும்பி வராது, அழுத்தியபடியே நிற்கும். பக்கம் கட்டுகிறவருக்கு இதைவிட ஆபத்து இல்லை: பிடித்த படத்தை விடவே முடியாது, பக்கம் முழுக்க அது இழுபடும். 0.1 மில்லிமீற்றருக்குக் கிட்ட நிற்பதே இனிய இடம்.

இதைத் தேடிப்பிடிக்க முழு மவுஸையும் திரும்பத் திரும்ப அச்சடிக்கத் தேவையில்லை. பொத்தானின் தட்டு, அதைத் தாங்கும் தூண், சுவிச் உட்காரும் மேடை மூன்றையும் மட்டும் வெட்டியெடுத்து ஒரு சோதனைத் துண்டாக்கினேன். அதில் குமிழின் உயரத்தை 0.1 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் மாற்றி மாற்றி அடித்து, ஒவ்வொன்றிலும் எண் பதித்து, வரிசையாக அக்காவின் முன்னால் வைத்தேன். எண்ணைப் பார்க்காமல் அமுக்கிப் பார்த்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார், மற்றதை எடுத்தார், பிறகு முதலில் எடுத்ததையே திரும்ப எடுத்தார். "இது சொன்னவுடன கேக்குது." அந்த உயரத்தையே வைத்தேன்.

தட்டு எந்தப் பக்கமாகக் கிடந்து அச்சாக வேண்டும் என்பதும் முக்கியம். படை படையாக இட்ட பிளாஸ்டிக் விறகைப் போன்றது: நாரோடு போனால் இலேசாகப் பிளக்கும், நாருக்குக் குறுக்கே கோடரி தடுமாறும். ஓட்டை நிமிர்த்தி வைத்து அச்சடித்தால் பொத்தான் வளைகிற கழுத்துப் பகுதியில் படைகள் குறுக்கே விழும். நாள்பட அந்த இடத்தில் முறியும். ஆகவே பொத்தான் தட்டுகளை ஓட்டிலிருந்து பிரித்து, பக்கவாட்டில் சாய்த்து வைத்து, இழை கழுத்தின் நீளவாக்கில் ஓடும்படி அடித்தேன். கழுத்தின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர், அதாவது 0.4 மில்லிமீற்றர் முனை இடும் மூன்று கோடு. ஓட்டின் மற்ற இடங்களில் நாலு கோடு, 1.6 மில்லிமீற்றர். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய விலா எலும்புகள். பிழிந்து பார்த்தால் கிறீச் என்ற சத்தம் வராது.

நிறத்தில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அச்சகத்தில் மை படும், கறுப்பில் செய்வோம் என்றேன். "வெள்ளைதான் வேணும். ஊத்தை தெரிஞ்சாத்தானே துடைப்பன்" என்றார். வெள்ளையில் செய்தோம். பிளாஸ்டிக்கின் அந்த வெண்மை பெரும்பாலும் தைத்தானியம் ஈரொட்சைட்டு தருவது. அதற்கான மூலப்பொருள்களில் ஒன்றான இல்மனைட் நம் மாவட்டத்தின் வடக்குக் கரையில், புல்மோட்டை மணலில் கறுப்பாகக் கிடக்கிறது. மணலாகக் கப்பலேறிப் போவது, இப்படி நிறமாக இழைச் சுருளில் திரும்பி வருகிறதோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இங்கேயே வெள்ளையாக்கி விற்கும் காலம் வர வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

மேற்புறத்தை மட்டும் சாண்ட் பேப்பரால் 240, 400, 800 என்ற வரிசையில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் தூசி மூக்குக்குள் போகும், சூட்டில் பிளாஸ்டிக்கும் இழுபடும். பக்கங்களைத் தேய்க்கவில்லை. அங்கே படைகளின் மெல்லிய வரி விரலுக்குப் பிடிமானம் தருகிறது; வியர்த்தாலும் வழுக்காது. வழவழப்பாக்கிப் பெயிண்ட் அடித்துக் கடைப்பொருள் மாதிரிக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. கை படுகிற இடத்தில் பெயிண்ட் சீக்கிரம் தேயும், வரி தேயாது.

பூட்டும் வேலை ஒரு மாலைக்குள் முடிகிற காரியம். பழைய சுவிச்சுகள் ஒரு அமுக்கலை இரண்டாக அனுப்பத் தொடங்கியிருந்தன. தொடுமுனை தேய்ந்தால் இப்படித்தான். மூன்று கால்களிலும் ஈயத்தை உறிஞ்சியெடுத்து, புதியவற்றை வைத்து ஒட்டினேன். பக்கப் பொத்தான்கள் தனிச் சின்னப் பலகையில், வயரால் இணைந்திருந்தன. அதனால் அவற்றை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் கொண்டுவருவது சிரமமாக இல்லை. அக்காவுக்கு இரண்டு வேண்டாம், ஒன்று போதும், அதுவும் பெரிதாக, செய்ததை மீளப்பெறும் கட்டளைக்கு. அடித்தட்டும் ஓடும் எம்2 என்ற 2 மில்லிமீற்றர் திருகுகளால் இணைகின்றன. பிளாஸ்டிக்கிலேயே நேராகத் திருகினால் சில தடவை கழற்றிப் பூட்டியதும் மரை அழிந்துவிடும் என்பதால், பித்தளை மரைக் குழல்களை ஈயப் பற்றுக்கோலின் சூட்டில் அமுக்கி இறக்கினேன். கழற்றித் துடைக்க முடியாத எந்தப் பொருளும் இந்தக் கடற்காற்றில் அதிக நாள் இருக்காது.

ஆட்காட்டி விரல் இப்போது வலப்பொத்தானில் விழுகிறது, ஆகவே இரண்டு பொத்தான்களின் வேலையையும் மாற்ற வேண்டும். விண்டோஸ் அமைப்பில் மாற்றினால் அந்தக் கணினியில் கொழுவுகிற எல்லா மவுஸும் மாறிவிடும். பகலில் அதே கணினியில் வலக்கைக்காரத் தம்பி ஒருவரும் வேலை செய்கிறார். பலகையின் சொந்த நினைவகத்திலேயே மாற்றத்தைப் பதிந்துவிட்டேன். யார் வந்தாலும் தங்கள் மவுஸைக் கொழுவிக்கொண்டு இருக்கலாம்.

முடிந்த மவுஸின் நீளம் 10.4 சென்ரிமீற்றர், வயரை விட்டு நிறை 74 கிராம். கேமிங் விளையாடுகிறவர்கள் ஓட்டில் ஓட்டை ஓட்டையாகப் போட்டு நிறையைக் குறைக்கிறார்கள். அக்காவின் வேலைக்கு அது தேவையில்லை. விளிம்பு வெட்டுகிறபோது மவுஸ் வைத்த இடத்தில் நிற்க ஓரளவு நிறை உதவுகிறது என்றுதான் அவர் சொல்கிறார். பெருவிரல் அடியின் வீக்கம் வடிந்திருக்கிறது. மவுஸ் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்; கதிரையின் உயரத்தையும் சரிசெய்தோம், இடைக்கிடை எழும்பி நடக்கவும் செய்கிறார். ஆனால் கிள்ளிப் பிடிக்கும் அந்தப் பிடி போய்விட்டது, அதை யாரும் பார்த்தே சொல்லலாம்.

சுருள் சில்லின் அச்சாணி உட்காரும் இடத்தில் இன்னும் ஒரு சின்னக் கரகரப்பு இருக்கிறது. அச்சிட்ட பிளாஸ்டிக்கின் மேல் உலோக அச்சு சுற்றுவதால் வருவது. அடுத்த தடவை கழற்றும்போது அந்தக் குழியில் டெஃப்லோன் துண்டொன்றை வைத்துப் பார்க்கப் போகிறேன். அதற்கிடையில் உப்புவெளியிலிருந்து ஒரு ஐயா வந்து போனார். ஓய்வுபெற்ற ஆசிரியர், வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்காது. கோயில் வரலாறு ஒன்றைத் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கிறார். கட்டையைச் சுற்றி அப்பிய புதுப் பிளாஸ்டிசினை அவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். வீட்டில் வைத்து, எழுதுகிற நேரமெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னேன். அவருக்குப் பொத்தான்களை மேலே வைப்பதா, பெருவிரலுக்கே இரண்டையும் கொடுப்பதா என்பதை அந்தக் களி திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.